ராட்டினத்துப் போல்ட்டுகள்

ஏப்ரல் 2, புதன்

குளித்தலைக்கு வந்து சேர்ந்தோம். மைதானம் முழுக்க நெருஞ்சி. தர்ஷினிக்குச் செருப்பு அறுந்துவிட்டது, வாங்க வேண்டும். நல்ல வெயில்.

இது உரக்கடைக்காரர் கொடுத்த போன வருஷத்து டைரி. கிழமை ஒத்துவரவில்லை, அடித்துவிட்டு நானே எழுதிக்கொள்கிறேன். டைரி எழுதுவது பள்ளிக்கூடத்தில் பத்தாவது படித்தபோது பிடித்த பழக்கம். இடையில் கொஞ்ச நாள் விட்டிருந்தேன்.

போன மாசம் துறையூர்ப் பொருட்காட்சி முடிந்து ராட்டினத்தைப் பிரிக்கும்போது என் வீட்டுக்காரர் துரைக்கண்ணு மேலேயிருந்து விழுந்து இறந்துபோனார். ராட்டினத்துக்கு அவர்தான் ஃபிட்டர். குடித்துவிட்டு ஏறினார், கால் தவறிவிட்டது என்று முதலாளி சொன்னார். ஸ்டேஷனிலும் அப்படித்தான் எழுதிக்கொண்டார்கள். என்னைக் கேட்டார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது வாய் இருந்ததாகவே ஞாபகம் இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் முதலாளி தனக்கோடி ஆள் அனுப்பினார். ஃபிட்டர் வேலையைக் கொழுந்தன் ஆனந்தராசு பார்த்துக்கொள்வானாம், நான் எப்போதும் போல போல்ட்டுகளுக்கு மரை எடுக்கிற வேலையைப் பார்க்க வேண்டுமாம். வரவில்லை என்றால் வேறு குடும்பம் தயாராக இருக்கிறதாம். வந்துவிட்டேன். வீட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பதற்கு இங்கே உட்கார்ந்து இரும்பைப் பார்க்கலாம்.

ஏப்ரல் 3, வியாழன்

மூட்டைகளைப் பிரித்தேன். போல்ட்டும் நட்டுமாக ஆறு சாக்கு.

ராட்டினத்தில் ஏறுகிறவர்களுக்கு அது சுற்றுவது மட்டும்தான் தெரியும். ஊருக்கு ஊர் அதைப் பிரித்து, லாரியில் ஏற்றி, மறுபடி பூட்ட வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. பிரிக்கும்போது வராத போல்ட்டைச் சுத்தியலால் தட்டித்தான் எடுப்பார்கள். தட்டினால் நுனி நசுங்கும், மரை சாயும். அடுத்த ஊரில் நட்டு ஏறாது. ஆம்பளைகள் அதற்கும் சுத்தியலைத்தான் எடுப்பார்கள். அதனால் கல்யாணமாகி வந்த புதிதிலேயே என்னை இந்த வேலையில் உட்கார வைத்துவிட்டார் என் வீட்டுக்காரர்.

டீசல் தட்டில் ஊறப்போட வேண்டும். கம்பி பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். நுனி நசுங்கியிருந்தால் மூணு பட்டை அரத்தால் லேசாக வழி விட வேண்டும். பிறகு டை நட்டை மாட்டி மெதுவாக முன்னும் பின்னும் திருப்பினால் சாய்ந்த மரை நிமிர்ந்து வழிக்கு வரும். நடுவில் அடிபட்டிருந்தால் மரை அரம். கட்டை போல நான்கு பக்கமும் பல் வைத்தது, மரைக்குப் பொருந்துகிற பக்கத்தை வைத்து இழுக்க வேண்டும். அவ்வளவுதான். கை தன் பாட்டுக்குச் செய்யும். மனசு எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். என் மனசு எங்கேயும் இல்லை.

மதியம் சோறு வடித்தபோது மூன்று பேருக்கு வடித்துவிட்டேன். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

டீசல் தீர்ந்துவிட்டது. வேலை இல்லை. துணி துவைத்தேன்.

ஏப்ரல் 6, ஞாயிறு

நூர்ஜஹான் அக்கா வந்தாள். டெல்லி அப்பளக் கடை அவர்களுடையது. எங்கள் கூடவே ஊர் ஊராக வருகிற குடும்பம். முறம் அளவு அப்பளம் ஒன்றைப் பொரித்து மிளகாய்த்தூள் தூவிக் கொண்டுவந்து, தின்னுடி என்று உட்கார்ந்தாள். தின்றேன். காரமா இல்லையா என்று தெரியவில்லை. நல்லா இருக்கு என்றேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கே எல்லோரும் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். மரணக் கிணற்றில் பைக் ஓட்டுகிற பையன்கூட இரண்டு தடவை வண்டியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறான். நான் எப்போது அழுவேன் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போல. டிக்கெட் போட்டால் முதலாளிக்கு இன்னொரு ஐட்டம் ஆயிற்று.

அழுகை வரவில்லை. காரியத்தன்றும் வரவில்லை. அத்தை என்னைக் கட்டிப்பிடித்துக் கதறியபோது, அவர்கள் முதுகில் ரவிக்கை ஊக்கு கழன்றிருந்ததைப் பூட்டிவிட்டேன். கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். இருக்கலாம்.

ஆனந்தராசு காலையும் மாலையும் டீ வாங்கிவந்து வைக்கிறான். என் முகத்தைப் பார்க்காத ஒரே ஆள் அவன்தான். டம்ளரை வைத்துவிட்டு அப்படியே போய்விடுகிறான். முன்பெல்லாம் வாய் ஓயாமல் பேசுவான்.

ஏப்ரல் 7, திங்கள்

குடத்துப் போல்ட்டு சாக்கை இன்று பிரித்தேன். ராட்டினத்தின் நடுவில் இருக்கிற பெரிய இரும்புக் குடத்தில்தான் எல்லாக் கைகளும் வந்து பூட்டிக்கொள்கின்றன. கையின் நுனியில் கூண்டு, கூண்டில் ஜனங்கள். மொத்த பாரமும் குடத்துப் போல்ட்டில்தான் நிற்கும். அதனால் என் வீட்டுக்காரர் அதை மட்டும் தனிச் சாக்கில் போட்டு வைப்பார்.

ஆனந்தராசு ஓடிவந்து, அதைப் பார்க்க வேண்டாம், துறையூரிலேயே தான் சரிபண்ணிவிட்டதாகச் சொன்னான். ஒன்றை எடுத்து நட்டு போட்டுப் பார்த்தேன். விரலால் ஒரு சுற்று விட்டதும் கடைசிவரை தானாக ஓடியது. வேலை மிச்சம் என்று சாக்கை ஓரமாக வைத்தேன்.

துறையூரில் ராட்டினம் பூட்டியபோது நானும் என் வீட்டுக்காரரும் ஊரில் இல்லை. லால்குடியில் ஒரு வளைகாப்பு. திரும்பி வந்தபோது ராட்டினம் பூட்டி முடிந்து சுற்றிக்கொண்டிருந்தது. பரவாயில்லையே, தம்பி தேறிவிட்டான் என்று இவர்கூடச் சந்தோஷப்பட்டார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

முதலாளி கூப்பிட்டார். சித்திரை முதல் நாள், திங்கட்கிழமை, திறப்பு. முதல் சுற்றுக்குத் தர்ஷினியைத் தயார்பண்ணி வை என்றார்.

இது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம். புது ஊரில் ராட்டினம் பூட்டி முடித்ததும் சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, முதல் சுற்றில் ஃபிட்டரின் பெண்டாட்டி பிள்ளைகள்தான் ஏறுவார்கள். பூட்டினவனுக்கு நம்பிக்கை இருந்தால்தானே ஊராருக்கு வரும். பத்து வருஷமாக நான் ஏறியிருக்கிறேன், தர்ஷினி வயிற்றில் இருந்தபோதும் ஏறியிருக்கிறேன். ஒரு நாளும் பயந்ததில்லை. துறையூரில் நாங்கள் இல்லாததால் வேறு யாரையோ ஏற்றினார்களாம். அந்தத் தோஷம்தான் ஆளைக் காவு வாங்கியது என்கிறார் முதலாளி. கொஞ்சம் முன்னால் குடி, இப்போது தோஷம். எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நன்றாக இருக்கும்.

ஆனந்தராசுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. அதனால் ஃபிட்டர் குடும்பம் என்றால் தர்ஷினிதான். நான் மட்டும் அன்று காலையில் ராட்டினத்துப் பக்கம் வரக் கூடாது. நல்ல காரியத்தில் தாலியறுத்தவள் எதிரே நிற்கலாமா என்று நேரடியாகச் சொல்லவில்லை. நீ அன்னிக்குக் கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்க மலரு என்றார். சரி என்றேன்.

தர்ஷினிக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு வயசு. மஞ்சள் கூண்டுதான் வேண்டுமாம். உச்சியில் போனால் காவிரி தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். தெரியும்தான், நன்றாகவே தெரியும்.

ஏப்ரல் 9, புதன்

செருப்பு வாங்கக் கடைவீதிக்குப் போனோம். பக்கத்திலேயே இரும்புக்கடை. குடத்துச் சாக்கில் நட்டு இரண்டு குறைந்தது ஞாபகம் வந்து வாங்கினேன். தர்ஷினி சிவப்புச் செருப்புக்கு அழுது சிவப்பே வாங்கிக்கொண்டாள்.

திரும்பி வந்து புது நட்டைக் குடத்துப் போல்ட்டில் போட்டேன். ஓடியது. பிடித்து ஆட்டிப் பார்த்தேன். லொடலொடவென்று ஆடியது.

இன்னொரு போல்ட்டில் போட்டேன். அதிலும் ஆடியது. கூண்டுச் சாக்கிலிருந்து நான் மரை எடுத்த அதே அளவுப் போல்ட்டு ஒன்றை எடுத்து, அதே நட்டைப் போட்டேன். கிண்ணென்று ஏறி நின்றது. நட்டில் குறை இல்லை.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மரையின் முகடு கத்தி போலக் கூராக இருந்தது. பள்ளம் ஆழமாக, புது இரும்பாக மின்னியது. இது நிமிர்த்தின மரை இல்லை, வெட்டின மரை. டை நட்டு சாய்ந்ததை நிமிர்த்தும். வெட்டுகிற டை இரும்பைத் தின்னும். பிளவு வைத்த டையில் பக்கத்துத் திருகை இறுக்கிவிட்டால் இன்னும் அதிகமாகத் தின்னும். தலைச்சிக்கைச் சீப்பால் எடுப்பதற்கும் கத்தரிக்கோலால் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம். கத்தரிக்கோலால் எடுத்தால் சீக்கிரம் முடியும், நட்டு வழுக்கிக்கொண்டு ஓடும். ஸ்பேனர் போட்டால் இறுகவும் செய்யும். ஆனால் பாரம் விழும்போது பிடித்துக்கொள்ள அங்கே மரை இருக்காது.

சாக்கிலிருந்த அத்தனையையும் பார்த்தேன். எல்லாம் அப்படித்தான்.

கை கழுவிவிட்டுத் தோசை ஊற்றினேன். தர்ஷினி மூன்று தின்றாள். ஒன்றும் நினைக்காமல் படுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 10, வியாழன்

காலையில் டீ கொண்டுவந்த ஆனந்தராசுவை நிற்கச் சொன்னேன். குடத்துப் போல்ட்டை எதை வைத்து மரை எடுத்தாய் என்று கேட்டேன். வேலை விஷயமாகக் கேட்பது போலத்தான் கேட்டேன், எனக்கே அப்படித்தான் இருந்தது.

முதலில் டை நட்டு என்றான். பிறகு முதலாளி திருச்சியிலிருந்து புது டை செட்டு வாங்கிவந்து கொடுத்ததைச் சொன்னான். துறையூரில் மழை பெய்து வேலை தள்ளிப்போயிருக்கிறது. உன் அண்ணி மாதிரி ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டிருந்தால் தேர் தெருவில் நின்றுவிடும், ஓட்டிவிடு என்றாராம். ஓட்டிவிட்டான். நட்டு சுலபமாக ஓடியதும் எல்லோரும் மெச்சிக்கொண்டார்களாம்.

அவர் விழுந்தபோது கால்தான் தவறியதா என்று கேட்டேன். அவன் டம்ளரைப் பார்த்தபடி நின்றான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கை கழண்டு வந்துச்சு அண்ணி. அண்ணன் அதுமேலதான் உக்காந்திருந்தாரு. குடத்துல போல்ட்டு நின்னுச்சு, நட்டு மட்டும் மொழுக்குனு உருவிக்கிட்டு வந்துருச்சு."

அந்த நட்டு எங்கே என்றேன். முதலாளி எடுத்துக்கொண்டாராம். ஜெனரேட்டர் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வேகமாகப் போனான். டம்ளரை எடுத்துக்கொள்ள மறந்துவிட்டான்.

கழுவி வைத்தேன். பிறகு நூர்ஜஹான் அக்கா கடைக்குப் போனேன். மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு இவர் குடித்திருந்தாரா என்று கேட்டேன். கையில் மாவோடு என்னைப் பார்த்தாள்.

"ஏண்டி, நாலு மணிக்கு எங்கிட்ட டீ வாங்கிக் குடிச்சுட்டுத்தானே ஏறுச்சு. கடைசி போல்ட்டு சாக்குல விழாம தொரைக்கண்ணு பாட்டிலைத் தொட்டு நான் பார்த்ததே இல்லையே. உனக்குத் தெரியாதா?"

தெரியும். எனக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும். அப்படியானால் ஸ்டேஷனில் ஏன் சொல்லவில்லை என்று நானும் அவளைக் கேட்கவில்லை, அவளும் என்னைக் கேட்கவில்லை. அவள் மாவைப் பிசைந்தாள், நான் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

முதலாளியிடம் போல்ட்டும் நட்டும் எடுத்துக்கொண்டு போய் ஆட்டிக் காட்டினேன். அவருக்கு விஷயம் புதிதாகத் தெரியவில்லை. புதுப் போல்ட்டுக்குத் திருச்சியில் சொல்லியாயிற்றாம், அடுத்த வாரம் வந்துவிடுமாம். அதுவரை இரட்டை நட்டு போட்டு இறுக்கச் சொல்லியிருக்கிறாராம். தேய்ந்த மரையில் ஒரு நட்டு போட்டால் என்ன, ஒன்பது நட்டு போட்டால் என்ன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவருக்கு இது ஒரு பெரிய காரியமா.

திறப்பை ஒரு வாரம் தள்ளிவைக்கக் கேட்டேன். சித்திரை முதல் நாளை விட்டால் கூட்டம் போய்விடும் என்றார். அப்படியானால் தர்ஷினியை விட்டுவிடுங்கள் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, மகளிடம் பேசுவது போலப் பேசினார். ஃபிட்டர் வீட்டுப் பிள்ளையே ஏறவில்லை என்றால் கடைக்காரர்கள் வாய் சும்மா இருக்காது, ஊருக்குள் பரவும், ஒருத்தரும் ஏற மாட்டார்கள், எல்லோர் பிழைப்பும் போகும் என்றார்.

"குடிச்சுட்டு ஏறுனதுக்கு இரும்பு என்னம்மா பண்ணும்? அதையே நெனச்சு நெனச்சு நீ மனசக் கெடுத்துக்கிட்ட."

கோபம் வர வேண்டிய இடம். வரவில்லை. அவருடைய சட்டைப் பையில் பேனா மை கசிந்து நீலமாக இருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சரி முதலாளி என்று சொல்லிவிட்டு வந்தேன். சரி என்கிற வார்த்தையை இந்த மாசம் நான் சொன்ன அளவுக்கு என் ஆயுசிலேயே சொன்னதில்லை.

சாயங்காலம் வேலிக்கு வெளியே ஊர்ப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். ராட்டினத்துத் தூண்கள் நட்டாயிற்று. குடம் கீழே கிடக்கிறது. அக்கா எப்ப சுத்தும் என்று ஒரு பெண் கேட்டாள். இடுப்பில் தம்பியை வைத்திருந்தாள். திங்கட்கிழமை என்றேன்.

தர்ஷினியைத் தூக்கிக்கொண்டு இன்றே பஸ் ஏறிவிடலாம். அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பெண் திங்கட்கிழமை வருவாள், தம்பியையும் தூக்கிக்கொண்டு வருவாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டுக்கொண்டேன்.

ஏப்ரல் 12, சனி

இன்று நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் முதலாளி எல்லோரிடமும் வேலை பிரித்துக் கொடுத்தார். நாளைக்கு விடியும்போது குடத்தைத் தூக்கிக் கைகளைப் பூட்ட வேண்டும். சாயங்காலத்துக்குள் குடத்துப் போல்ட்டுக்கு எண்ணெய் போட்டு வைக்கிறேன், சாக்கு என்னிடமே இருக்கட்டும் என்றேன். ஆனந்தராசு ஏதோ சொல்ல வந்தான். முதலாளி முந்திக்கொண்டு, பார்த்தாயா, மலருக்குப் பொறுப்பு உண்டு என்றார்.

சமைத்தேன். தர்ஷினிக்கு ஊட்டி நூர்ஜஹான் அக்காவிடம் விட்டேன். பிறகு எப்போதும் உட்காருகிற வேப்பமர நிழலில் எப்போதும் போல உட்கார்ந்தேன். முன்னால் தண்டவாளத் துண்டு, பக்கத்தில் சுத்தியல், அரம், டீசல் தட்டு.

முதல் போல்ட்டைத் தண்டவாளத்தில் படுக்கவைத்து மரையின் மேல் அடித்தேன். உருட்டி உருட்டி அடித்தேன். கூராக நின்ற முகடெல்லாம் நசுங்கிப் படுத்தது. அதன்மேல் தட்டை அரத்தை வைத்து, அடிமரை தெரியாத அளவுக்கு ராவினேன். இனிமேல் உலகத்தில் எந்த டையை மாட்டினாலும் அதில் மரை வராது. தட்டின் அந்தப் பக்கம் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

பத்து வருஷமாக இந்தக் கை மரையை எழுப்பித்தான் பழக்கம். ஒன்று சரியாக வந்துவிட்டால் நட்டு போட்டுப் பார்த்துச் சிரிப்பேன், என் வீட்டுக்காரர் கேலி செய்வார். இன்று கெடுக்கிறதுக்கு எவ்வளவு கொஞ்ச நேரம் போதும் என்று பார்த்தபோது ஆச்சரியமாகத்தான் இருந்தது.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க என்ன இருக்கிறது? மலர்க்கொடி இருக்கிற இடத்தில் சுத்தியல் சத்தமும் அரத்துச் சத்தமும் கேட்கும். கேட்காவிட்டால்தான் தேடுவார்கள். சாமியானாக்காரர்கள் என்னைத் தாண்டிக் கம்பு தூக்கிக்கொண்டு போனார்கள். பைக் ஓட்டுகிற பையன் பக்கத்திலேயே நின்று ஆரஞ்சு மிட்டாய் தின்றான். முதலாளியே ஒருதரம் குடையோடு வந்து நின்றார்.

"வேலை நடக்குதா?"

நடக்குது என்றேன். கண்ணைப் பார்த்துக்கோ, துகள் தெறிக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெயில் சாயும்போது ஆனந்தராசு சாக்கு எடுக்க வந்தான். மூன்று மிச்சம் இருந்தது. முடித்ததில் ஒன்றை எடுத்து நட்டு போட்டுப் பார்த்தான், ஏறவில்லை. இன்னொன்றை எடுத்தான். அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு அப்படியே என் எதிரே உட்கார்ந்துவிட்டான்.

முதலாளியிடம் யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஓடிவந்தார். சாக்கைக் கவிழ்த்துப் பார்த்தார். அவர் போட்ட சத்தத்தில் கடைக்காரர்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். நான் எழுந்திருக்கவில்லை. பொழப்பைக் கெடுத்துவிட்டாள், எல்லார் சோற்றிலும் மண்ணைப் போட்டுவிட்டாள் என்று ஒவ்வொருத்தர் முகமாகப் பார்த்துச் சொன்னார். சிலர் தலையாட்டினார்கள். அவர்கள் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ராட்டினம் இல்லாத பொருட்காட்சிக்கு யார் வருவார்கள், அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன.

புருஷன் குடிச்சே செத்தான், பெண்டாட்டியும் இன்றைக்கு எதைக் குடித்தாளோ என்று முதலாளி சொன்னார். நான் யாரோ மூன்றாவது ஆளைப் பற்றிக் கேட்பது போலக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்போது ஆனந்தராசு எழுந்தான்.

"அண்ணன் குடிக்கல."

முதலாளி அவனை வாயை மூடச் சொன்னார். அவன் கூட்டத்தைப் பார்க்கவில்லை. துறையூரிலிருந்து இன்றுவரை பார்க்காத என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"அன்னிக்கு அண்ணன் குடிக்கல. அந்த மரைய வெட்டுனது நானு. வெட்டச் சொன்னது இவரு. கை கழண்டு விழுந்ததை நாங்க ரெண்டு பேரும் கண்ணால பார்த்தோம். குடிச்சிருந்தாருன்னு சொல்லச் சொன்னாரு, சொல்லிட்டேன்."

நூர்ஜஹான் அக்கா மட்டும் முன்னால் வந்து, நாலு மணிக்குத் தான் கொடுத்த டீயைப் பற்றிச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், எல்லோருக்கும் கேட்டது. தலையாட்டியவர்களில் ஒருவர் கீழே கிடந்த போல்ட்டை எடுத்துப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். அது கை மாறிக்கொண்டே போயிற்று.

மிச்சமிருந்த மூன்றையும் ஆனந்தராசுதான் அடித்தான். அரம் போட அவனுக்கு வரவில்லை. அதை நான் முடித்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஆனந்தராசு காலை பஸ்ஸில் துறையூருக்குப் போயிருக்கிறான், ஸ்டேஷனில் சொல்ல. அக்காவின் வீட்டுக்காரர் துணைக்குப் போனார். உன்னையும் சேர்த்து உள்ளே வைப்பார்கள் என்று முதலாளி ஆள் விட்டுச் சொன்னாராம். வைக்கட்டும் என்றானாம். போகும்போது என் காலில் விழ வந்தான். நான் நகர்ந்துகொண்டேன். மன்னித்தேனா என்று கேட்டால் தெரியாது. வழிக்குப் புளிச்சோறு கட்டிக்கொடுத்தேன்.

முதலாளி இன்று மைதானத்துப் பக்கமே வரவில்லை. தூண்கள் இரண்டும் வெறுமனே நிற்கின்றன. புதுப் போல்ட்டு வரும்வரை ராட்டினம் இல்லை என்று கடைக்காரர்களே கூடிப் பேசி முடிவு செய்துவிட்டார்கள். எனக்கு இங்கே இனி வேலை இருக்குமா என்று தெரியவில்லை. சட்டி பானையைக் கட்டி வைத்திருக்கிறேன்.

தர்ஷினி காலையிலிருந்து என்னோடு பேசவில்லை. ராட்டினத்தை நான்தான் கெடுத்தேன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். புதுச் செருப்பைக்கூடப் போடாமல் மூலையில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு நானே பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அப்பா இருந்திருந்தா என்னைய ஏத்தி விட்டிருப்பாரு."

ஏற்றியிருக்க மாட்டார், அந்த மரையைப் பார்த்திருந்தால் உன்னை மட்டுமல்ல, ஒரு ஈயைக்கூட ஏறவிட்டிருக்க மாட்டார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அப்பா இல்லடி என்றுதான் வந்தது. அந்த வார்த்தையை அதுவரை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் காதில் விழுந்ததும் அது என்னவோ செய்தது. அப்பா இல்லடி, அப்பா செத்துப்போயிட்டாருடி என்று மறுபடி சொன்னேன். பிறகு சொல்ல முடியவில்லை. தட்டைக் கீழே வைக்கக்கூட முடியாமல் ஓவென்று அழுதேன். இத்தனை நாள் இது எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

தர்ஷினி பயந்துபோய் எழுந்து நூர்ஜஹான் அக்காவைக் கூப்பிட ஓடினாள். ஓடட்டும் என்று விட்டுவிட்டு அழுதேன்.